விற்காத புத்தகங்களின் நாடு

அமெரிக்க இலக்கிய வரலாறு – அத்தியாயம் 1

1853 அக்டோபர். பாஸ்டனுக்கு மேற்கே கான்கார்ட் என்ற சிற்றூரில், ஒரு வீட்டு வாசலில் வண்டி நிறையப் புத்தகங்கள் வந்து இறங்கின. எல்லாமே ஒரே நூலின் பிரதிகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆயிரம் பிரதி அச்சிட்டிருந்தார்கள், 706 மிஞ்சிவிட்டன. கிடங்கில் இடம் வேண்டும் என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அச்சுச் செலவு ஆசிரியர் பொறுப்பு என்பது ஒப்பந்தம். நில அளவை வேலை பார்த்து, அந்தக் காசில் கடனை அடைத்துக்கொண்டிருந்தார் அவர். கட்டுக்கட்டாக முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றிவிட்டு, தன் நூலகத்தில் இப்போது ஏறக்குறைய தொள்ளாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றில் எழுநூற்றுக்கு மேல் தானே எழுதியவை என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டார். அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ வெளியாகியிருந்தது. ஒரே ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதிகள் விற்றன.

1850களின் அமெரிக்க இலக்கியம் என்றால் இன்று தோரோ இல்லாமல் பாடத்திட்டம் கிடையாது. ஸ்டோவுக்கோ, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இலக்கியப் பட்டியலில் ஓரத்து இருக்கைகூடக் கிடைக்கவில்லை. அடிமைமுறை ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது வரலாற்று ஆசிரியர்கள் அவர் பெயரைச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஒரு காலம் எதைப் படித்தது, அந்தக் காலத்தின் இலக்கியம் என்று பின்னால் வந்தவர்கள் எதை எடுத்து வைத்தார்கள் என்பவை இரண்டு தனிக் கதைகள். எல்லா மொழியிலும் இந்த இடைவெளி உண்டு. அமெரிக்காவில் அது வழக்கத்துக்கு மாறாகப் பெரியது.

காலனிக் காலம், புரட்சிக் காலம், ரொமான்டிக் காலம், யதார்த்தவாதம், இயற்கைவாதம், நவீனத்துவம், பின்நவீனத்துவம் என்று பாடப்புத்தகம் வரிசை போடும். தேர்வுக்கு அது உதவும். ஆனால் அந்தந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் தங்கள் நெற்றியில் அப்படி எதையும் எழுதி ஒட்டிக்கொள்ளவில்லை. வரிசையில் பெரும்பகுதி 1920க்குப் பிறகு பேராசிரியர்கள் போட்டது. ஆகவே இந்த முதல் அத்தியாயத்தில் நானூறு ஆண்டுகளை ஒருமுறை நடந்து கடப்போம். போகும் வழியில், ஒவ்வொரு நூலும் எப்போது எழுதப்பட்டது என்பதோடு எப்போது வாசகரிடம் வந்து சேர்ந்தது என்பதையும் பார்த்துக்கொண்டே போவோம்.

முதலில் வந்தது புத்தகமே அல்ல. ஐரோப்பியர் கால் வைப்பதற்கு முன்பே அந்த நிலப்பரப்பில் நூற்றுக்கணக்கான மொழிகள் புழங்கின. படைப்புக் கதைகள், சடங்குப் பாடல்கள், சபைகளில் நிகழ்த்தும் நீண்ட உரைகள் என வாய்வழி இலக்கியம் செழித்திருந்தது. இதைப் ‘பின்னணி’ என்று ஒரு பத்தியில் ஒதுக்கும் வழக்கம் வெகுகாலம் நீடித்தது. எழுத்து இல்லாததால் ஒதுக்கினோம் என்று சொல்லவும் முடியாது. செக்வோயா என்ற செரோக்கி மனிதர் ஆங்கிலம் படிக்கத் தெரியாமலே 1821 வாக்கில் தன் மொழிக்கு ஓர் அசையெழுத்து முறையை உருவாக்கி முடித்தார். 1828இல் நியூ எக்கோட்டாவிலிருந்து ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற இருமொழிச் செய்தித்தாள் வரத் தொடங்கியது. 1835இல் ஜார்ஜியா மாநிலக் காவற்படை அதன் அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. மூன்றாண்டு கழித்து அந்த மக்களையே துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டினார்கள்.

ஆங்கிலேயர் 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் மசாசூசெட்ஸின் பிளிமத்திலும் குடியேறினார்கள். தெற்கே வந்தவர்கள் புகையிலை பயிரிட்டார்கள். வடக்கே வந்த பியூரிட்டன்கள் பிரசங்கம் எழுதினார்கள். சற்று மிகைதான், ஆனாலும் பெரிய பிழை இல்லை. 1638இல் ஒரு பாதிரியார் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியிலேயே இறந்துபோனார். அவருடைய மனைவி கரையிறங்கி, கேம்பிரிட்ஜில் அதை நிறுவச் செய்தார். 1640இல் அதில் அச்சான சங்கீதப் புத்தகம்தான் அந்தக் காலனிகளில் அச்சிட்டவற்றுள் இன்று மிஞ்சியிருக்கும் முதல் நூல். 1,700 பிரதி போட்டதில் 11 எஞ்சியிருக்கின்றன. ஒன்று 2013 ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் போனது. புதிய உலகில் அச்சான முதல் பைபிள் ஆங்கிலத்தில் இல்லை. அது 1663இல் ஜான் எலியட் வெளியிட்ட மசாசூசெட் மொழி பைபிள். அதற்கு அச்சுக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்தவர். தொழிலே பெயராகி ஜேம்ஸ் பிரின்டர் என்று அழைக்கப்பட்டவர்.

பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் அந்தக் குடியேற்றத்தின் கதையைக் கையால் எழுதி வைத்தார். அமெரிக்க உரைநடையின் தொடக்கம் என்று இன்று முதல் பக்கத்தில் வைக்கப்படும் நூல் அது. ஆனால் அச்சுக்கு வந்தது 1856இல். விடுதலைப் போரின்போது பாஸ்டன் தேவாலயத்திலிருந்து காணாமற்போன கையெழுத்துப் பிரதி, லண்டன் பிஷப்பின் மாளிகை நூலகத்தில் தென்பட்டது. 1897இல்தான் ஊர் திரும்பியது. தோரோவின் தலைமுறை இளைஞர்களாக இருந்தபோது இந்த ‘முதல் நூல்’ அவர்கள் யாருக்கும் படிக்கக் கிடைக்கவில்லை.

கவிதையிலும் இதே கதை. ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகளை அவருக்குத் தெரியாமல் அவருடைய தங்கை கணவர் லண்டனுக்கு எடுத்துப்போய் 1650இல் அச்சிட்டுவிட்டார். ஆகவே பிராட்ஸ்ட்ரீட் தப்பித்தார். வெஸ்ட்ஃபீல்ட் என்ற எல்லையோர ஊரில் பாதிரியாராக இருந்த எட்வர்ட் டெய்லர் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதிவிட்டு 1729இல் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இரண்டு நூற்றாண்டு அச்சேறாமல் தூங்கியது. 1937இல் தாமஸ் ஜான்சன் என்ற ஆய்வாளர் எடுத்து வெளியிட்ட பிறகே காலனிக் காலத்தின் மிகச் சிறந்த கவிஞர் ஒருவர் இருந்தார் என்பது தெரியவந்தது. இந்த ஜான்சனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை வருவார்.

புரட்சிக் காலத்தில் துண்டுப்பிரசுரங்களுக்கும் பிரகடனங்களுக்கும்தான் மவுசு. தாமஸ் பெயினின் ‘காமன் சென்ஸ்’ 1776 ஜனவரியில் வந்தது. ஜூலையில் விடுதலைப் பிரகடனம். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாறு, எவ்வளவோ அமெரிக்கத்தனம் நிறைந்த நூல், முதலில் வெளியானது 1791இல் பாரிஸில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக. எனக்கு அந்தக் காலத்தில் மறக்கமுடியாத உருவம் பிலிஸ் வீட்லி. 1761இல் ஏழெட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்கு வந்த சிறுமி. கப்பலின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். சில ஆண்டுகளில் ஆங்கிலமும் லத்தீனும் கற்றுக் கவிதை எழுதினாள். பாஸ்டனில் புத்தகம் போடப் போதிய ஆதரவு இல்லை. 1773இல் லண்டனில் வெளியானது. இதை இவள்தான் எழுதினாள் என்று ஆளுநர் உட்பட பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டுச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு விடுதலை கிடைத்தது, வறுமையும் கூடவே வந்தது. 1784இல் இறந்தபோது இரண்டாவது தொகுப்பு அச்சேறாமலே கிடந்தது. அது தொலைந்துபோயிற்று.

அரசியல் விடுதலை வந்தும் இலக்கிய விடுதலை ஏன் வரவில்லை என்று கேட்டால், பலரும் மனப்பான்மையைப் பற்றிப் பேசுவார்கள். நான் சட்டப் புத்தகத்தைக் காட்டுவேன். 1790ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டுமே பாதுகாப்பு தந்தது. வெளிநாட்டு ஆசிரியரின் நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; ஒரு செப்புக்காசு தரவேண்டாம். வால்டர் ஸ்காட்டின் புது நாவல் கப்பலில் வந்து இறங்கியவுடன் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா அச்சகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அச்சுக் கோக்கும். சில நாளில் மலிவுப் பதிப்பு தெருவுக்கு வந்துவிடும். டிக்கன்ஸ் 1842இல் அமெரிக்கா போனபோது விருந்து மேடையிலேயே இதைப் பற்றிப் புலம்பினார். பத்திரிகைகள் அவரைப் பேராசைக்காரர் என்று திட்டின.

டிக்கன்ஸுக்கு நஷ்டம்தான். ஆனால் உள்ளூர் எழுத்தாளருக்கு அதைவிட நஷ்டம். இங்கிலாந்தின் சிறந்த நாவல் இலவசமாகக் கிடைக்கும்போது, பெயர் தெரியாத உள்ளூர்க்காரருக்கு ராயல்டி கொடுத்து எந்தப் பதிப்பாளர் புத்தகம் போடுவார்? வாஷிங்டன் இர்விங், ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் போல ஒரு சிலர் தப்பிப் பிழைத்தார்கள். மற்றவர்கள் பத்திரிகைகளுக்குப் போனார்கள். பத்திரிகைக்கு வேண்டியது ஒரே அமர்வில் படித்து முடிக்கும் கதை. எட்கர் ஆலன் போ அதற்கு ஓர் இலக்கணமே வகுத்தார்: தொடக்க வரியிலிருந்தே ஒற்றை விளைவை நோக்கி நகரும் கதை. 1841இல் அவர் எழுதிய பாரிஸ் கொலைக் கதையில் துப்பறியும் கதை என்ற வகை பிறந்தது. சிறுகதை அமெரிக்காவில் இவ்வளவு சீக்கிரம் தழைத்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். போவுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. 1845இல் ‘தி ரேவன்’ கவிதை நாடெங்கும் பேசப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பது வயதில், பால்டிமோரில் வறியவராக இறந்தார். வெளிநாட்டு ஆசிரியருக்கும் உரிமை தரும் சட்டம் 1891 வரை வரவில்லை.

இப்போது 1850களுக்கு வருவோம். இந்தத் தொடரில் அதிக அத்தியாயங்கள் இந்தப் பத்தாண்டுக்குத்தான்.

ரால்ஃப் வால்டோ எமர்சன் 1836இல் ‘இயற்கை’ என்ற சிறு நூலையும், அடுத்த ஆண்டு ஹார்வர்டில் ஓர் உரையையும் தந்தார். ஐரோப்பாவின் நிழலில் இருந்து வெளியே வாருங்கள் என்பது அந்த உரையின் சாரம். அவர் நிலத்தில்தான் தோரோ 1845 ஜூலை 4 அன்று குடிசை போட்டுக் குடியேறினார், வால்டன் குளக்கரையில். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள். நடுவில் ஒரு குளிர்காலத்தில் ஆட்கள் கூட்டமாக வந்து குளத்துப் பனிக்கட்டியை அறுத்துக் குவித்தார்கள். அது பாஸ்டனின் பனிக்கட்டி வியாபாரம் உச்சத்தில் இருந்த காலம். ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகரின் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஐஸ் ஏற்றி வந்தன. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதற்குக் கட்டிய கிடங்கு. மதராஸ்வாசிகள் தன் கிணற்றிலிருந்து குடிக்கிறார்கள் என்று தோரோ தன் நூலில் மகிழ்ச்சியோடு எழுதினார். காலையில் பகவத்கீதை வாசிப்பதையும் அங்கேயே சொல்கிறார். அறுத்த கட்டியில் பெரும்பகுதி விலைபோகாமல் உருகிக் குளத்துக்கே திரும்பியது என்பதும் அவரே தரும் தகவல். ‘வால்டன்’ 1854இல் வந்தது. 2,000 பிரதி விற்க ஐந்து ஆண்டு பிடித்தது.

நத்தானியேல் ஹாதார்ன் சேலம் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் இருந்தார். 1849இல் ஆட்சி மாறியதும் வேலை போயிற்று. அந்த ஆத்திரத்திலும் ஓய்விலும் எழுதியது ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. 1850இல் வெளியாகி ஓரளவு நன்றாகவே விற்றது. ஆனாலும் அவருக்கு ஒரு பொருமல் இருந்தது. சூசன் வார்னர், மரியா கம்மின்ஸ் போன்ற பெண்கள் எழுதிய குடும்ப நாவல்கள் தன்னுடையதைப் போலப் பல மடங்கு விற்பதைப் பார்த்து, 1855இல் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அவர்களைச் சகட்டுமேனிக்குத் திட்டினார். அந்தக் கடிதத்தின் ஒரு வசவைப் பிடித்துக்கொண்டே நூறு ஆண்டுக்கு மேல் விமர்சகர்கள் அந்தப் பெண்களைப் படிக்காமல் ஒதுக்கினார்கள் என்பது இந்த வரலாற்றின் அசிங்கமான பக்கம்.

ஹாதார்னுக்குச் சமர்ப்பணம் செய்து 1851இல் ஹெர்மன் மெல்வில் ‘மோபி டிக்’ வெளியிட்டார். தென்கடல் தீவு அனுபவங்களை எழுதிப் பெயர் வாங்கிய இளைஞர் அவர். வாசகர்கள் இன்னொரு தீவுக் கதையை எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ திமிங்கல வேட்டையும் விலங்கியலும் வேதாந்தமும் நாடகமும் கலந்த ஒரு பெரும் நூல். லண்டன் பதிப்பில் முடிவுரையை வேறு விட்டுவிட்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் மூழ்கிவிட்டார்கள் என்றால் இந்தக் கதையைச் சொல்பவன் யார் என்று விமர்சகர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் வாசகர்களை மூடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நூலை ஒரே மூச்சில் ரசித்தேன் என்பவர்களைத்தான் சந்தேகிப்பேன். அவர் வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவில் மூவாயிரத்துச் சொச்சம் பிரதிகளே விற்றன. 1853இல் பதிப்பகத்தில் தீப்பிடித்து இருப்பில் இருந்தவையும் எரிந்தன. 1866இல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர் வேலைக்குப் போனார், நாளுக்கு 4 டாலர் சம்பளம். 19 ஆண்டு அதே வேலை. 1891 செப்டம்பரில் இறந்தார், வெளிநாட்டாருக்கும் காப்புரிமை தரும் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில்.

1855இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் 36 வயது ஆள் ஒருவர் தன் கவிதைகளுக்குத் தானே சில பக்கங்கள் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார். ‘புல்லின் இதழ்கள்’, பன்னிரண்டு கவிதைகள், 795 பிரதிகள். முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. திறந்த கழுத்துச் சட்டையும் தொப்பியுமாக ஒரு படம் மட்டும். எமர்சன் பாராட்டிக் கடிதம் எழுதினார். வால்ட் விட்மன் அனுமதி கேட்காமலே அதை அடுத்த பதிப்பில் விளம்பரமாக்கிவிட்டார். சாகும்வரை அந்த ஒரே நூலைத் திருத்தித் திருத்திப் பெருக்கிக்கொண்டே போனார். யாப்பை உடைத்த அந்தக் குரல் தமிழ்வரை வந்தது: பாரதி விட்மனைப் பற்றிக் கட்டுரையில் எழுதியிருக்கிறார், புதுக்கவிதைக்குத் தன்னைத் தூண்டியது விட்மனின் நூல் என்று ந. பிச்சமூர்த்தி சொல்லியிருக்கிறார்.

அதே காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் எமிலி டிக்கின்சன் காகிதங்களை மடித்து நூலால் தைத்துச் சிறு கட்டுகளாகத் தன் கவிதைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 1,800 கவிதைகள். வாழ்நாளில் அச்சானவை பத்துப் பன்னிரண்டு, அவையும் பெயரில்லாமல். 1886இல் அவர் இறந்தபின் தங்கை கண்டெடுத்தார். 1890இல் வந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் அவருடைய கோடுகளை நீக்கி, எதுகையைச் சீர்செய்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் தலையை வாரிவிடுவதுபோல வாரிவிட்டார்கள். அவர் எழுதியபடியே முழுவதும் படிக்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பைக் கொண்டுவந்தவர் எட்வர்ட் டெய்லரை மீட்ட அதே தாமஸ் ஜான்சன். தன் நாட்டின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு ஒவ்வொரு பெரிய கவிஞரை ஒரே ஆய்வாளர் எடுத்துத் தந்தது வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

இதே பத்தாண்டுகளின் இன்னொரு இலக்கியம் தப்பி ஓடியவர்கள் எழுதியது. ஃபிரெடெரிக் டக்ளஸ் பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது எசமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், எசமானர் தடுத்தார். படிக்கத் தெரிந்தால் அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்று எசமானர் சொன்ன காரணமே டக்ளஸுக்கு வழிகாட்டியாகிவிட்டது. 1845இல் தன்வரலாறு வெளியிட்டார். பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டதால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சி இங்கிலாந்துக்குக் கப்பலேற நேர்ந்தது. ஹேரியட் ஜேக்கப்ஸ், பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டு ஒளிந்திருந்தவர். 1861இல் புனைபெயரில் தன் கதையை வெளியிட்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதிய புனைவு என்றே வரலாற்றாசிரியர்கள் அதைத் தள்ளிவைத்தார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி 1980களில் உண்மையை நிறுவினார்.

1861இலிருந்து 1865 வரை உள்நாட்டுப் போர். ஆறு லட்சத்துக்கு மேல் உயிர்கள் போயின. அதன்பின் வந்ததை யதார்த்தவாதக் காலம் என்பார்கள். ரயில் பாதை, ஆலை, பெருநகரம், பத்திரிகை. இக்காலத்தைப் பற்றி விரிவாகப் பின்னர். மார்க் ட்வைன் ஒருவரை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்கலாம். மிசிசிப்பி நீராவிக் கப்பலில் மாலுமியாக இருந்தவர். படிப்பறிவு சரியாக இல்லாத ஒரு பையனின் பேச்சு வழக்கிலேயே ஒரு நாவல் முழுவதையும் எழுதினார். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 1885இல் அமெரிக்காவில் வெளியானது. வீடு வீடாகச் சென்று முன்பதிவு வாங்கும் முகவர்கள் மூலம் விற்றார்கள். கொச்சைப் புத்தகம் என்று அதை முதலில் விலக்கிவைத்தது எந்த நூலகம் தெரியுமா? எமர்சனும் தோரோவும் வாழ்ந்த கான்கார்டின் பொது நூலகம்.

நூற்றாண்டு முடியும்போது கேட் ஷோபின் ஒரு மனைவியின் மன விழிப்பை ‘தி அவேக்கனிங்’ நாவலில் எழுதினார். 1899இல் வந்த விமர்சனங்கள் அவரை நொறுக்கின; ஐந்து ஆண்டில் இறந்தார், நாவலும் மறந்துபோயிற்று. தியடோர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’யை 1900இல் பதிப்பாளர் ஒப்பந்தத்துக்காக மட்டும் அச்சிட்டுவிட்டு விளம்பரம் செய்யாமல் விட்டார், ஐநூறு பிரதிகூடப் போகவில்லை.

நவீனத்துவக் காலத்தில் அமெரிக்க இலக்கியம் அமெரிக்காவுக்கு வெளியே எழுதப்பட்டது. ராபர்ட் ஃபிராஸ்ட்டின் முதல் தொகுப்பு 1913இல் லண்டனில் வந்தது. டி. எஸ். எலியட் லண்டனில், ஹெமிங்வே பாரிஸில். ஊரிலேயே இருந்தவர்களும் உண்டு: வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் நியூ ஜெர்சியில் குழந்தை வைத்தியம் பார்த்துக்கொண்டே கவிதை எழுதினார், ஃபாக்னர் மிசிசிப்பியை விட்டு அதிகம் நகரவில்லை. தெற்கிலிருந்து லட்சக்கணக்கில் வடக்கே வந்த கறுப்பின மக்கள் நியூயார்க்கின் ஹார்லெமை ஒரு தலைநகராக்கினார்கள். லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேதான் ப்ளூஸ் பாட்டின் தாளத்தில் கவிதை செய்தார்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925இல் வந்தது. இரண்டாவது அச்சின் பிரதிகள், 1940இல் அவர் இறந்தபோதும் கிடங்கில் மிச்சமிருந்தன. அதைக் காப்பாற்றியது போர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்குச் சட்டைப்பையில் அடங்கும் இலவசப் பதிப்புகளாக 12 கோடிக்கு மேற்பட்ட புத்தகங்களை அச்சிட்டு அனுப்பினார்கள். அவற்றில் கேட்ஸ்பி மட்டும் 1,55,000. திரும்பி வந்த சிப்பாய்கள் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசுச் செலவில் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் என்று ஒரு பாடம் வேண்டியிருந்தது.

அந்தப் பாடத்துக்கான பட்டியல் அப்போதுதான் தயாராகியிருந்தது. மெல்வில் பிறந்து நூறாண்டு ஆன 1919இல் சிலர் அவரைத் தேடத் தொடங்கினார்கள். 1921இல் வாழ்க்கை வரலாறு, 1924இல் அச்சேறாமல் கிடந்த ‘பில்லி பட்’. 1930இல் சின்கிளேர் லூயிஸுக்கு இலக்கியத்துக்கான நோபல் கிடைத்தது, அந்த நாட்டுக்கு முதல்முறை. 1941இல் எஃப். ஓ. மத்தியசென் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1850–55 ஆண்டுகளை ‘அமெரிக்க மறுமலர்ச்சி’ என்று பெயரிட்டு ஒரு பெரிய நூல் எழுதினார். எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன். ஐந்து பேர், ஐவரும் வெள்ளையர், ஐவரும் ஆண்கள். அருமையான நூல்தான், நானும் அதில் நிறையக் கற்றேன். ஆனால் மூன்று லட்சம் விற்ற ஸ்டோவுக்கும் டக்ளஸுக்கும் அங்கே தனி அத்தியாயம் இல்லை. அந்த ஐவர் பட்டியல்தான் முப்பது ஆண்டு வகுப்பறையை ஆண்டது.

அதை உடைத்தது 1960, 70களின் தெருப் போராட்டங்கள். வகுப்புக்குள் வந்த கறுப்பின மாணவர்களும் பெண்களும் எங்கள் எழுத்து எங்கே என்று கேட்டார்கள். கேட் ஷோபின் 1969இல் மீண்டு வந்தார். அதே ஆண்டு கயோவா இனத்து என். ஸ்காட் மொமடே புலிட்சர் பரிசு வாங்கினார். ஹார்லெம் காலத்து நாவலாசிரியரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1960இல் ஃபுளோரிடாவில் வறுமையில் இறந்து, பெயர்க்கல் இல்லாத குழியில் கிடந்தார். 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய இடுகாட்டில் தேடிப்போய்க் கல் நட்டார். இன்று ஹர்ஸ்டன் இல்லாத பாடத்திட்டம் அரிது. ஷோபினும் ஹர்ஸ்டனும் புதிதாக எழுத வந்தவர்கள் அல்ல. இருவரும் முன்பே எழுதிவிட்டவர்கள்.

டோனி மாரிசன் இந்த மாற்றத்தின் இரு பக்கத்திலும் நின்றவர். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்து கறுப்பின எழுத்தாளர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். ஓய்வு நேரத்தில் நாவல் எழுதினார். 1856இல் பிடிபட்டபோது, அடிமையாக வாழவேண்டாம் என்று தன் மகளையே கொன்ற மார்கரெட் கார்னர் என்ற தாயின் செய்தியிலிருந்து ‘பிலவட்’ 1987இல் உருவானது. 1993இல் நோபல். ஜேக்கப்ஸும் டக்ளஸும் எழுதிய தன்வரலாறுகள் சொல்லாமல் விட்ட இடங்களில் அந்த நாவல் நிற்கிறது. அவர்களைப் படித்துவிட்டு இதைப் படித்தால்தான் அது புரியும்.

போருக்குப் பிந்தைய மற்றதெல்லாம், பீட் கவிஞர்கள், யூத நாவலாசிரியர்கள், சீன, மெக்சிக, இந்திய வம்சாவளி எழுத்தாளர்கள், தொடரின் கடைசிப் பகுதிக்கு. பின்நவீனத்துவம் என்ற பெட்டிக்குள் இவர்களை அடைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அடுத்த அத்தியாயம் 1620இன் குளிர்காலத்தில், பிளிமத் கரையில் தொடங்கும். தொடரோடு சேர்த்து ஒரு புத்தகமாவது படிக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் டக்ளஸின் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய நூல், ஒரு வார இறுதி போதும், காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ‘மோபி டிக்’கை இப்போதைக்குத் தொடவேண்டாம், அந்த அத்தியாயம் வரும்போது சேர்ந்தே படிப்போம்.